டயலைச் சுரண்டச் சொல்லாதீர்கள்: ஓர் இணையச் சந்தைக்கு மதுரையிலிருந்து திறந்த மடல்

விற்பனை விதிப் பிரிவின் அதிகாரிகளுக்கு,

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் மின்னஞ்சல் வந்தது. உங்கள் தளத்தில் நான் போட்டிருந்த மூன்று வாட்ச்சுகளை நீக்கிவிட்டீர்கள். காரணம் என்று எழுதியிருந்தது ஒரே வரி: ஆபத்தான பொருள், கதிரியக்கம். கணக்கும் முடக்கம். ஏற்கெனவே விற்று அனுப்பிய இரண்டு வாட்ச்சுக்கு வரவேண்டிய பணமும் நிறுத்தம். மறுபரிசீலனை கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன். நாலே நிமிடத்தில் ‘பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை’ என்று பதில் வந்துவிட்டது. இரண்டு பக்கத்தை நாலு நிமிடத்தில் படித்து, யோசித்து, முடிவும் எடுத்துவிட்ட அந்த ஆளை ஒருமுறை நேரில் பார்க்க ஆசை. ஆள் என்று ஒருவர் இருந்தால்.

மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எட்டடிக்கு ஆறடி வாட்ச் ரிப்பேர் கடை என்னுடையது. அப்பா 1966-ல் போட்டது. ஓசூரிலிருந்து பேட்டரி வாட்ச் வரத் தொடங்கியதும் கீ கொடுக்கிற வாட்ச்சைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்ட ஊர் இது. போகப் போகப் பாதி ரிப்பேர் கடைகள் செல்போன் கடைகளாக மாறின. நான் மாறாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு, எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பை மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் அதே பெட்டிகள் திறந்தன. அப்போதிருந்து பழைய வாட்ச் வாங்கி, சுத்தம் செய்து, உங்கள் தளத்தில் விற்கிறேன். பதிவு எழுதுவது, போட்டோ எடுப்பது எல்லாம் என் மகள்.

ரேடியம் என்றால் என்னவென்று தெரியாமல் விற்றவன் இல்லை நான். தெரிந்ததால்தான் பதிவில் எழுதினேன். எழுதியதால்தான் மாட்டினேன். அதனால் முதலில் அந்த வாட்ச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்தார். “அண்ணே, இது எங்க தாத்தா வாட்ச். பர்மா சண்டைக்குப் போனவரு. தங்கச்சி கல்யாணம் வருது, ஏதாச்சும் பாத்து வித்துக் குடுங்க.” வெஸ்ட் எண்ட் கம்பெனியின் சோவார் பிரைமா. அந்தக் காலத்துப் பட்டாளத்துக்காரர்கள் கையில் நிறையக் கிடந்த வாட்ச். தாத்தா போன பிறகு டிரங்குப் பெட்டியின் அடியில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. கீ கொடுத்தேன், ஓடியது. முள் நகர்ந்ததும் டயலில் ஒன்று தெரிந்தது. நாலு இருபது காட்டி நின்றிருந்த அந்த இரண்டு முள்ளின் அச்சும் வெள்ளை டயலில் பழுப்பு நிறத்தில் அப்படியே விழுந்திருந்தது, தேநீர்க் கோப்பை வைத்த தடம் மாதிரி. நிமிட முள் ஒரு சுற்றுப் போய்த் திரும்ப அந்த இடத்துக்கு வந்ததும் தன் நிழலின் மேல் சரியாக உட்கார்ந்தது. அந்தத் தம்பி கேட்டார், “என்னண்ணே இது, துருவா?”

துரு இல்லை. இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளில் பூசியிருந்த ரேடியம் என்கிற கதிரியக்கப் பொருள், அத்தனை வருடம் ஒரே இடத்தில் நின்று டயலைச் சுட்ட தடம்.

அந்தப் பூச்சு ரேடிய உப்பும் துத்தநாக சல்பைடும் கலந்தது. ரேடியம் கதிர் அடிக்க அடிக்க சல்பைடு ஒளிரும். சில வருடங்களில் சல்பைடு களைத்துப்போய் ஒளிர்வது நின்றுவிடும், ரேடியம் நிற்காது. விளக்கு அணைந்துவிட்டது, எண்ணெய் அப்படியே இருக்கிறது. ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 வருடம் வேண்டும். களப்பிரர் காலத்து மதுரையில் ஒருவர் பூசி வைத்திருந்தால் இப்போதுதான் பாதிக்கு வந்திருக்கும். ஆகவே ‘இருட்டில் ஒளிரவில்லை, அதனால் ஆபத்தில்லை’ என்று எழுதி விற்கிறவர்கள் தெரியாமல் எழுதுகிறார்கள், அல்லது தெரிந்தே பொய் எழுதுகிறார்கள். அந்தப் பதிவுகள் உங்கள் தளத்தில் இன்றைக்கும் இருக்கின்றன.

என் மகள் எழுதியது இது: ‘அசல் ரேடியம் டயல். பின்மூடியையோ கண்ணாடியையோ நீங்களாகத் திறக்காதீர்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். படுக்கை அறையில் வைக்காதீர்கள்.’ அதைத்தான் உங்கள் எந்திரம் பிடித்தது.

இரண்டாவது வாட்ச் 1970களில் வந்தது. ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் ‘டி சுவிஸ் டி’ என்று இருக்கும். டி என்றால் டிரிட்டியம், வலு குறைந்த கதிரியக்கப் பொருள். ரேடியத்தைக் கைவிட்டு 1960களில் வாட்ச் கம்பெனிகள் பிடித்துக்கொண்டது இதைத்தான். 12.3 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஐம்பது வருடத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதன் கதிருக்கு வாட்ச் கண்ணாடியைத் தாண்டவே தெம்பு கிடையாது. அதற்கும் ரேடியத்துக்கும் ஒரே தண்டனை.

மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். 2004-ல் வாங்கிய ஜப்பான் ஆட்டோமேட்டிக். அதில் இருப்பது, பகல் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் விடுகிற பூச்சு. 1993-ல் ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி கொண்டுவந்த லூமினோவா வகை. கதிரியக்கம் என்று துளி கிடையாது. பிறகு ஏன் நீக்கினீர்கள்? என் மகள் ‘முள்ளில் ரேடியம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டாள். எங்கள் ஊரில் இருட்டில் பளிச்சென்று தெரிகிற எதற்கும் பெயர் ரேடியம்தான். ஆட்டோவின் பின்னால் ‘மீனாட்சி துணை’ என்று ஒட்டுகிற ஸ்டிக்கர் ரேடியம். ஒட்டித் தருகிற கடை ரேடியம் கட்டிங் கடை. அந்த ஸ்டிக்கரில் ரேடியம் ஒரு அணுகூட இல்லை. உங்கள் தளத்தில் ‘ரேடியம்’ என்று தேடிப் பாருங்கள், சைக்கிளுக்கு, ஹெல்மெட்டுக்கு, லாரிக்கு என்று பக்கம் பக்கமாக வரும். அவற்றை நீக்கவில்லை, நீக்கவும் வேண்டாம். ஆனால் அந்தச் சொல் ஸ்டிக்கரில் வந்தால் வியாபாரம், வாட்ச்சில் வந்தால் குற்றம் என்றால், நீங்கள் தடுப்பது கதிரியக்கத்தை இல்லை; சொல்லைத்தான்.

இதெல்லாம்கூடப் பெரிய விஷயமில்லை. என்னை இந்த மடலை எழுத வைத்தது அதற்கடுத்து நடந்தது.

உங்கள் உதவி மையத்துக்குப் பேசினேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. “சார், அந்த ரேடியத்த மட்டும் ரிமூவ் பண்ணிட்டு, டயல புதுசாக்கி மறுபடி லிஸ்ட் பண்ணுங்க சார், பிராப்ளம் வராது” என்றார். பிறகு குறுஞ்செய்தியிலும் அதே அறிவுரை வந்தது. அதாவது, சுரண்டச் சொல்கிறீர்கள்.

சுரண்டுவது என்றால் என்ன என்று உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். 1998-ல் உதிரி பாகம் வாங்க மும்பைக்குப் போனபோது, பழைய டயலுக்குப் புதுச் சாயம் பூசும் ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பையன். முன்னால் விரித்த செய்தித்தாள், அதில் முப்பது நாற்பது டயல். தின்னரில் ஊறியதை எடுத்து, பாதி பிளேடால் ஒவ்வொரு எண்ணாகச் சுரண்டுகிறான். பன்னிரண்டு எண், இரண்டு முள். காய்ந்த பூச்சு மொறுமொறுவென்று பொடியாகிறது, பழுப்பும் மஞ்சளுமாக. பொடி சேர்ந்ததும் வாயால் ஒரு ஊது. தாளில் பாதி, காற்றில் பாதி. நான் நின்றிருந்தபோதே யாரோ வடை பாவ் வாங்கி வந்தார்கள். அந்தத் தாளின் ஓரத்திலேயே வைத்து, அந்தக் கையாலேயே சாப்பிட்டான்.

ரேடியம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை அதன் ஆல்ஃபா கதிர் வெளியே வராது. காமா கதிர் கொஞ்சம் தாண்டும். உடம்புக்குள் போனால் கதை வேறு. கால்சியம் போலவே ரேடியத்தையும் எலும்பு வாங்கி வைத்துக்கொள்ளும், அங்கிருந்தபடி அது அடித்துக்கொண்டே இருக்கும். இது உலகத்துக்குத் தெரிந்தது வாட்ச் டயலால்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து, ரேடியம் பூசிய பெண்கள் பிரஷ் முனை கூராக வேண்டும் என்று உதட்டில் வைத்து வைத்துப் பூசினார்கள். பலர் தாடை எலும்பு இற்றுப்போய்ச் செத்தார்கள். வழக்குப் போட்ட ஐந்து பேருக்கு 1928-ல்தான் சமரசத் தொகை கிடைத்தது. அந்தப் பெண்கள் யாரும் வாட்ச் கட்டிச் சாகவில்லை. பூச்சைத் தொட்டு, விழுங்கிச் செத்தார்கள்.

உங்கள் விதி என்ன செய்கிறது? மூடிக் கிடக்கிற வாட்ச்சைத் தடுக்கிறது. திறந்து, சுரண்டி, பொடியைக் காற்றில் விட்டு, பளபளவென்று புதுச் சாயம் பூசி வருவதை அனுமதிக்கிறது. அனுமதிப்பது மட்டுமில்லை, சிவப்பு டயல், பச்சை டயல் என்று வருகிற அந்த வாட்ச்சுகளுக்கு ‘அதிகம் விற்பனையாவது’ என்று பட்டம் வேறு.

இது தூரத்து மும்பைக் கதை என்று விட்டுவிட முடியாது. உங்கள் அறிவுரை வந்த அதே வாரம், எனக்குத் தெரிந்த இன்னொரு விற்பனையாளர், பழங்காநத்தம் பக்கம் வீடு, தன்னிடம் இருந்த ஏழு டயலையும் மொட்டைமாடியில் உட்கார்ந்து சுரண்டிவிட்டார். கேட்டால், “விதி அதுதானப்பா” என்கிறார். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாராம். அந்தத் தண்ணீர் மாடிக் குழாய் வழியாகத் தெருவுக்கு வந்திருக்கும். அவர் வீட்டில் இரண்டு பேரக் குழந்தைகள். அவரைத் திட்டினேன், ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் யோசித்தால் அவர் உங்கள் சொல்லைக் கேட்டவர். நான்தான் கேட்காதவன்.

என் தரப்புக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சொல்லி நான் கேட்க வேண்டாம். எங்கள் அப்பாவும் டயல் தூசியை வாயால் ஊதித்தான் துடைத்தார், நாற்பது வருடம். நுரையீரல் கெட்டுத்தான் போனார். அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், பீடியும் இருந்தது. பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டேன்: ரேடியம் சிதைந்து ரேடான் என்கிற கதிரியக்க வாயுவாக மாறும். வாட்ச் மூடி அதை முழுசாக அடைத்து வைக்காது. 2018-ல் இங்கிலாந்தின் நார்தாம்டன், கிங்ஸ்டன் பல்கலைக்கழகக்காரர்கள் முப்பது ரேடியம் வாட்ச்சை ஒரு சின்ன அறையில் வைத்து அளந்தபோது, அந்த நாடு பரிந்துரைக்கும் அளவைவிட 134 மடங்கு ரேடான் இருந்திருக்கிறது. அதைப் படித்த அன்று ராத்திரியே வீட்டு பீரோவில் இருந்த பதினான்கு வாட்ச்சையும் எடுத்து, கடையில் ஜன்னலோரம் ஒரு மரப் பெட்டிக்கு மாற்றினேன். ரேடியம் வாட்ச் வந்தால் டயலைத் தொடும் வேலை செய்வதில்லை. மிஷினைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் கையுறை, முகக்கவசம், ஈரத்துணி. துணியைத் தனியாகக் கட்டி வைக்கிறேன். அதை எங்கே கொடுப்பது என்பது எனக்கு இன்னும் ஒரு பிரச்சினை.

தெரிந்த ஒரு கல்லூரி இயற்பியல் ஆசிரியர் கதிரியக்கத்தை அளக்கிற கெய்கர் கருவி கொண்டுவந்தார். சோவார் பிரைமாவின் கண்ணாடியை ஒட்டி வைத்தால் பொரி பொரிகிற மாதிரி சத்தம். ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் அங்கொன்று இங்கொன்று. கடை வாசலுக்குப் போனால் தெருவில் எப்போதும் இருக்கிற அளவுதான். டிரிட்டியம் வாட்ச்சை வைத்தபோது கருவி வாயே திறக்கவில்லை. அந்த ஆசிரியர்தான் சொன்னார், அந்தக் காலத்துப் பெட்ரோமாக்ஸ் மேண்டிலில்கூடத் தோரியம் என்கிற கதிரியக்கப் பொருள்தான் என்று. திருவிழாவில் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2010-ல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலம் விட்ட, கதிரியக்கக் கோபால்ட் இருந்த கருவி பழைய இரும்புக் கடைக்குப் போய் ஓர் உயிரை வாங்கியது. அதன் முன்னால் ஒரு வாட்ச் ஒன்றுமேயில்லை. ஆனால் அங்கேயும் கொன்றது, மூடியிருந்ததைத் தெரியாத கைகள் பிரித்ததுதான்.

நீங்கள் விற்காதே என்று சொன்னதும் அந்த வாட்ச் மாயமாகிவிடாது. பழைய சாமான்காரர் எடைக்கு வாங்குவார். கேஸுக்கும் செயினுக்கும் காசு உண்டு, டயலுக்கு இல்லை. டயல் குப்பைக்குப் போகும், குப்பை அவனியாபுரம் வெள்ளைக்கல் கிடங்குக்குப் போகும். அங்கே வெறுங்கையால் கிளறுகிறவர்களுக்கு நீங்கள் எந்த மின்னஞ்சலும் அனுப்பப் போவதில்லை.

எனவே நான் கேட்பது இவைதான்.

முதலாவதாக, ரேடியத்தை நீக்கிவிட்டுப் பட்டியலிடுங்கள் என்ற அறிவுரையை உடனே, இந்த வாரமே, திரும்பப் பெறுங்கள். உதவி மையத்தில் பேசுகிறவர்களின் கைக்குறிப்பிலிருந்தும் எடுங்கள். ஏற்கெனவே அந்த அறிவுரை போன ஒவ்வொரு விற்பனையாளருக்கும் ‘சுரண்டாதீர்கள், திறக்காதீர்கள்’ என்று எழுதுங்கள், அவரவர் மொழியில். மற்றதெல்லாம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்கிறேன், இதற்கு மட்டும் பொறுக்கமாட்டேன்.

தடை போட வேண்டுமென்றால் சரியான இடத்தில் போடுங்கள். கழற்றிய ரேடியம் டயல், தனி முள், கண்ணாடி உடைந்த ரேடியம் வாட்ச், பழைய விமானங்களின் ரேடியம் மீட்டர், இவற்றை விற்கக் கூடாது என்று சொல்லுங்கள். முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். மூடிய வாட்ச்சுக்கு, என் மகள் எழுதிய மாதிரி எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்குங்கள். விமானத்தில் ஏற்றுவது சிக்கல் என்றால் தரைவழி மட்டும் என்று போடுங்கள். டிரிட்டியத்தையும் லூமினோவாவையும் ரேடியத்தோடு சேர்க்காதீர்கள். எந்த வருடத்து வாட்ச், டயலின் அடியில் என்ன எழுத்து என்று இரண்டு கேள்வி கேட்டாலே பெரும்பாலும் பிரிந்துவிடும். புதுச் சாயம் பூசிய டயலை ‘அசல்’ என்று விற்பதை நிறுத்துங்கள்; பழைய பூச்சு எப்படி எடுக்கப்பட்டது என்று விற்பவரைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாதவர்கள்தான் அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்று ஒன்று 1983 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. விதியைத் திருத்தும்போது அவர்களிடம் எழுத்தில் கருத்துக் கேளுங்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் வெளியிடுங்கள். வேண்டாத ரேடியம் வாட்ச்சையும் என் ஈரத்துணி மூட்டையையும் யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் அவர்களிடமே கேட்டு, உங்கள் விதிப் பக்கத்தில் போடுங்கள்.

என் கணக்கைத் திறந்துவிடுங்கள். நிறுத்தி வைத்த இரண்டு வாட்ச்சின் பணத்தை விடுவியுங்கள். அந்த இரண்டிலும் இருட்டில் ஒளிர்கிற சமாச்சாரமே கிடையாது, வெறும் தங்க முலாம் முள். சோவார் பிரைமாவை விற்க முடியாது என்று நீங்கள் முடிவாகச் சொன்னால், அந்தத் தம்பிக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். கார்த்திகையில் கல்யாணம். வாட்ச் இன்னும் என் மரப் பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது, தினமும் காலையில் கீ கொடுக்கிறேன். நிறுத்தினால் நிற்கிற இடத்தில் இன்னொரு தடம் விழும்.

மறுபரிசீலனைக்கு நீங்கள் கொடுத்த முப்பது நாளில் பதினோரு நாள் மிச்சம் இருக்கிறது. அதற்குள் ஒரு மனிதர் படித்து, தன் பெயர் போட்டு எழுதிய பதில் வேண்டும். தமிழில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
மேலமாசி வீதிச் சந்து வாட்ச் ரிப்பேர்காரன்
மதுரை